இரண்டு அங்குல உயரம்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களில் அந்த வண்டியின் மேற்பாகத்துக்கு நடக்கும் உபசாரங்களைச் சொல்லி முடியாது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்நானம். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் கழுத்து நிறைய மாலையும். புறப்படும்போது சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். கதவில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் அன்று சோறு இறங்குவதில்லை. ஆனால் அதே வண்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? அங்கே இருட்டும் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் தவிர வேறொன்றும் இராது என்பதே பொதுவான அபிப்பிராயம்.

உண்மையில், அந்த இருட்டுக்குள்ளே, எல்லாவற்றுக்கும் தாழ்ந்த இடத்தில், ஒரு தகட்டுத் தொட்டி தொங்கிக்கொண்டிருக்கிறது. எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் முழுவதும் அதில்தான் தங்குகிறது. மெக்கானிக்குகள் அதை 'ஆயில் சம்ப்' என்றும் 'ஆயில் சேம்பர்' என்றும் அழைப்பார்கள். எங்கள் வீட்டாருக்கு அதன் பெருமையை அறியும் சந்தர்ப்பம் சில மாதங்களுக்கு முன் வாய்த்தது. அந்த விருத்தாந்தத்தைச் சற்று விவரமாகச் சொன்னால், வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு உபயோகமாயிருக்கும். வண்டி இல்லாதவர்களுக்கு, இல்லாததைப் பற்றி ஒரு திருப்தியாவது உண்டாகும்.

முதலில் எண்ணெயின் மகிமையைச் சொல்லிவிட வேண்டும். வண்டி சுமாரான வேகத்தில் போகும்போது எஞ்சினின் நடுத்தண்டு நிமிஷத்துக்கு 3000 தடவை சுழல்கிறது. அதாவது ஒரு விநாடிக்கு 50 சுற்று. இவ்வளவு வேகமாகச் சுழலும் தண்டு, தன்னைத் தாங்கும் பேரிங்குகளின் மேல் உராய்ந்தால் என்ன ஆகும்? சில நிமிஷங்களில் உலோகம் பழுக்கக் காய்ந்து, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்று மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவது அந்த நிலைமையைக் கண்டுதான். இந்த விபரீதத்தைத் தடுப்பது, தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே பரவி நிற்கும் ஓர் எண்ணெய்ப் படலம். அதன் கனம் ஒரு தலைமயிரின் கனம்கூட இராது.

இவ்வளவு மெல்லிய படலம் அத்தனை பாரத்தை எப்படித் தாங்குகிறது என்பது வெகு காலம் வரை ஒருவருக்கும் விளங்கவில்லை. 1883-ல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்னும் பொறியியலார் ரயில் அச்சுகளுக்குரிய பேரிங்குகளை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியே வெளியே பொங்கிற்று. தக்கையால் அடைத்தார்; எண்ணெய் தக்கையை வெளியே தள்ளியது. மரமுளை அடித்தார், அதையும் தள்ளியது. பிறகு அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால், முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் போய்விட்டது! சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்துத் தன் அடியில் செருகிக்கொண்டு அதன் மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர் அதற்குக் கணித சாஸ்திர விளக்கம் அளித்தார்.

ஆகவே, ஓடும் எஞ்சின் எண்ணெயின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அந்த எண்ணெய், அடித்தொட்டியிலிருந்து ஒரு சல்லடை வழியாக உறிஞ்சப்பட்டு, பம்பினால் மேலே ஏறி, எஞ்சினின் அங்கங்களையெல்லாம் நனைத்துவிட்டு, மறுபடியும் தொட்டியிலேயே வந்து விழுகிறது. தொட்டி உடைந்தால் எல்லாம் போயிற்று.

எங்கள் வண்டிக்கு வயது அதிகம். எங்கள் தகப்பனார் ஆசையாக வாங்கி, ஆசையாக ஓட்டி, எங்களுக்கு விட்டுச் சென்ற வண்டி அது. அதற்குரிய விலையைச் சந்தையில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அதன் ஆசனத்தில் அவர் சாய்ந்த பள்ளம் இன்னும் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, அந்தி மயங்கும் நேரத்தில் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் ஐந்து பேர். பின்னால் சீர் பட்சணக் கூடைகள். ஒரு கிராமத்துச் சாலையில், வர்ணமும் பூசாமல், முன்னெச்சரிக்கைப் பலகையும் நடாமல், இருட்டோடு இருட்டாய் ஒரு வேகத்தடை படுத்திருந்தது. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வட்டமான வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர் என்று குறிப்பிட்டிருக்கிறது. நாங்கள் கண்டதோ, வழிகாட்டியைக் கண்ணாலும் காணாத யாரோ, மீந்துபோன காரையைக் கொட்டிக் கரை எழுப்பியதுபோல் இருந்தது. வண்டி மெதுவாகத்தான் ஏறியது. முன் சக்கரங்கள் இறங்கியதும் வயிற்றில் அடி விழுந்தது. 'டங்' என்ற அந்த ஓசையைக் கேட்டவுடன் எல்லோருடைய பேச்சும் நின்றது.

பத்து விநாடி ஆகவில்லை. எதிர்ப்பலகையில் எண்ணெய்க் கூஜாவின் உருவம் பொறித்த சிவப்பு விளக்கு எரிந்தது. வாசகர்கள் இந்த விளக்கை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் குறைந்தால் எரியும் விளக்கு, "இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்" என்று தாக்ஷிண்யம் காட்டும். இந்த விளக்குக்கு அந்தத் தாக்ஷிண்யம் கிடையாது. அது எரியும்போதே எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எங்களில் மூத்தவர் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்து, வண்டியை ஓரமாக உருளவிட்டு நிறுத்தினார். ஊர்க்காரர் ஒருவர் பரிவோடு வந்து, "ஒரு சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைத்துக்கொண்டு போய்விடலாம், ஐயா" என்றார். பெட்ரோல் தொட்டியின் சின்னக் கசிவுக்கு அந்த வைத்தியம் சில சமயம் பலித்திருக்கலாம். கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் சோப்பு எம்மாத்திரம்? வேறொரு வண்டியில் கட்டி இழுத்துத்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

"சம்ப்பில் ஓட்டை" என்று நாங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டதைக் கேட்ட எங்கள் அம்மா, வீட்டுக்குத் தண்ணீர் தேக்கும் நிலத்தடித் தொட்டியைச் சொல்வதாக நினைத்து, உடனே மோட்டாரை நிறுத்திவிட்டு, கிடைத்த பாத்திரங்களில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டாள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, தெரியவில்லை.

மறுநாள் பார்க்க வந்த மெக்கானிக் வண்டியின் அடியில் படுத்து எழுந்து விஷயத்தை விளக்கினார். தொட்டியின் வடிகால் திருகுக்கு அருகே தகடு பிளந்திருந்தது. அதை மாற்ற வேண்டும். ஆனால் தொட்டிக்குக் குறுக்கே, முன் சக்கரங்களைத் தாங்கும் இரும்பு உத்தரம் ஒன்று ஓடுகிறது. எஞ்சினைத் தூக்கினாலொழிய தொட்டி வெளியே வராது. சில வண்டிகளில் தொட்டியைச் சாதாரணமாகக் கழற்றிவிடலாம். எங்கள் வண்டி அந்த ஜாதியில் சேர்ந்ததல்ல. எஞ்சினை அடியோடு வெளியே எடுக்க வேண்டும். 18,000 ரூபாய் ஆகும். பதினைந்து நாள் பிடிக்கும் என்றார். போகிற போக்கில், "இதற்கு இவ்வளவு செலவழிப்பதைவிடப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்று ஒரு யோசனையும் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் எங்கள் பெரியப்பா வந்தார். அவருக்கு வயது 79. நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் திருச்சிக்கு மாற்றப்பட்ட பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் அங்கே நீராவி எஞ்சின்கள் பழுது பார்க்கப்பட்டு வந்தன. அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டார்ச்சு விளக்கை வாங்கி அடியிலே பார்த்தார்.

"எஞ்சினை வெளியே எடுக்க வேண்டியதில்லை. முன்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கினால் போதும். தொட்டி வந்துவிடும்" என்றார்.

"பெரியப்பா, நம் வீட்டிலா?" என்றோம்.

"ஏன், வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

எங்களில் மூத்தவர் பாங்கி உத்தியோகஸ்தர். இளையவர் பள்ளி ஆசிரியர். மூத்தவருடைய மகன் இயந்திரப் பொறியியல் மூன்றாவது வருஷம் படிக்கிறான். டவரையும் ரெனால்ட்ஸையும் எங்களுக்கு விளக்கிச் சொன்னவன் அவன்தான். ஆனால் அதுவரை அவன் ஸ்பானரைக் கையால் தொட்டதில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு திருப்புளி இருந்தது. அதுவும் தையல் இயந்திரத்தோடு வந்தது. இந்தச் சைனியத்தை வைத்துக்கொண்டுதான் பெரியப்பா யுத்தத்துக்குப் புறப்பட்டார்.

முதற் கேள்வி, சுமார் 150 கிலோகிராம் எடையுள்ள எஞ்சினை எதைக் கொண்டு தூக்குவது என்பது. வாசலிலிருந்த வேப்பமரக் கிளையை இளையவர் காட்டினார். பெரியப்பா அவரைப் பார்த்த பார்வையில் இளையவர் கையை இறக்கிக்கொண்டார். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் தூக்குகிறவர்களிடம் இரும்புக் குழாயாலான மூன்று கால் ஒன்றும், ஒரு டன் தாங்கும் சங்கிலிக் கப்பி ஒன்றும் இருக்கும் அல்லவா? அவற்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தோம். காற்றடித்தால் கால்கள் அகன்றுவிடாதபடி மூன்றையும் அடியில் கயிற்றால் பிணைத்தோம். தொட்டிக்காக எங்களில் மூத்தவர் சென்னைக்குப் போய், பழைய வண்டிச் சாமான்களுக்குப் பெயர்போன புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுவதும் அலைந்து, அதே அளவான தொட்டியை வாங்கி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்தான் அதிகம். பாட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தோம். முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கிகளின் மேல் உட்கார வைத்தோம். மிச்சமிருந்த எண்ணெயைச் சட்டியில் பிடித்தோம். எஞ்சின் மேலே எழும்போது விசிறி ரேடியேட்டரில் இடிக்கும். ஆகையால் ரேடியேட்டரைக் கழற்றினோம். புகைக்குழாயின் இணைப்பைத் தளர்த்தினோம். எந்தக் கம்பி, எந்தக் குழாய் இழுபடும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தளர்த்தி, காகிதச் சீட்டில் எண் எழுதி ஒட்டினோம். கழற்றிய திருகுகளை அம்மாவின் முறுக்குத் தட்டுகளில் வரிசையாக வைத்தோம். கடைசியாக, எஞ்சினை உத்தரத்தோடு பிணைக்கும் ரப்பர் மவுண்டிங்குகளின் நட்டுகளை எடுத்தோம். இவ்வளவுக்கும் ஒரு பகல் சரியாகிவிட்டது.

மறுநாள் காலை சங்கிலியை மாட்டினோம். கப்பியின் தத்துவம் விசித்திரமானது. கையால் ஒரு முழம் இழுத்தால் கொக்கி அரை அங்குலம்கூட ஏறுவதில்லை. ஆனால் அந்த அற்ப ஏற்றத்தின் விலையாக, ஒரு கல்லூரிப் பையனின் கைபலம் ஓர் எஞ்சினை எழுப்பிவிடுகிறது. 'கிளிக், கிளிக்' என்று சங்கிலி நகர்ந்தது. ரப்பரை விட்டு எஞ்சின் மெல்ல எழுந்தது. பின்பாகம் கியர்ப் பெட்டியோடு தன் இடத்தில் இருக்க, முன்பாகம் மட்டும் உறக்கம் கலைந்து தலை தூக்குவதுபோல் தூக்கிற்று. ஓர் அங்குலம், ஒன்றரை, இரண்டு.

"நிறுத்து" என்றார் பெரியப்பா.

பையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மவுண்டிங்குக்கும் உத்தரத்துக்கும் இடையில் ஒரு திருகு விழுந்து கிடந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினான். பெரியப்பா சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, சங்கிலி தூக்குவதற்கு, கட்டை தாங்குவதற்கு. கட்டை வைக்காத இடத்தில் கை வைக்காதே."

"ஒரு டன் தாங்கும் கப்பி, பெரிய தாத்தா. நம் எஞ்சின் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லையே!"

"கணக்குச் சரி. கட்டையை வை."

பையன் அரை மனதோடு, தேக்குக் கட்டைகள் இரண்டை நீண்ட குச்சியால் தள்ளி இரண்டு பக்கமும் செருகினான். கட்டைக்கும் எஞ்சினுக்கும் நடுவே அரை விரல் இடைவெளி இருந்தது. கப்பி தாங்கியது உண்மை. ஆனால் கொக்கிக்குக் கீழே எஞ்சினைச் சுற்றிய சங்கிலியில் ஒரு கண்ணி புரண்டு நின்றிருந்தது. பாரம் ஏறியதும் அது தானாகவே நேராயிற்று. 'டொக்' என்ற சப்தத்தோடு எஞ்சின் இறங்கிக் கட்டைகளின் மேல் உட்கார்ந்தது. இறங்கியது அரை விரல் உயரந்தான். கட்டை இல்லாதிருந்தால் அது எதன் மேல் இறங்கியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பையன் தன் வலக் கையை ஒரு தடவை விரித்துப் பார்த்து மூடிக்கொண்டான். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. கட்டைகளின் மேல் பாரத்தை விட்டு, சங்கிலியைச் சீராக்கி மறுபடி மாட்டச் சொன்னார். அன்று முழுவதும், பையன் எங்கே கை வைத்தாலும் முதலில் கட்டையைப் பார்த்துக்கொண்டான்.

வீட்டில் இந்த வேலையில் இறங்க எண்ணும் வாசகர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடிய புத்திமதி அவ்வளவுதான். ஜாக்கியும் கப்பியும் உயர்த்தும் கருவிகள். உயர்த்தியதைத் தாங்குவதற்கு வேறொன்று வேண்டும். அதை வைத்த பிறகே மனிதன் அடியில் போகலாம்.

தொட்டியை இருபது சிறு திருகுகள் பிடித்திருந்தன. அவற்றை எடுத்த பிறகும், உள்ளே இருந்த சல்லடை தட்டியது. தண்டைக் கையால் சற்றுத் திருப்பி, தொட்டியைச் சாய்த்து, முன்னால் இழுத்ததும் வெளியே வந்தது. அதன் அடித்தகடு உள்நோக்கிக் குழிந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையின் வாயை ஏறக்குறைய மூடியிருந்தது. பிளவை மட்டும் பற்றவைத்து எண்ணெய் ஊற்றி ஓட்டியிருந்தால், தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் தாகத்தால் செத்திருக்கும்! அடிபட்ட தொட்டியைக் கழற்றிப் பார்க்காமல் வெளிப்பூச்சு வைத்தியம் செய்யலாகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சல்லடையில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பெரியப்பா விரலால் தடவி வெயிலில் பார்த்தார். ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தவுடனே நிறுத்தியது பேரிங்குகளைக் காப்பாற்றியிருந்தது.

மாட்டும் வேலையில் பெரியப்பா காட்டிய பொறுமை எங்களை அயரவைத்தது. பழைய காஸ்கெட்டின் மிச்சத்தை நகத்தால் தடவினாலும் தட்டுப்படாதபடி சுரண்டச் சொன்னார். புதிய தக்கைக் காஸ்கெட்டை வைத்து, திருகுகளை முதலில் விரலாலேயே ஏற்றி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, இப்பக்கம் ஒன்று அப்பக்கம் ஒன்றாக, மூன்று சுற்றில் இறுக்கச் செய்தார். பலசாலிகள் கெடுக்கும் இடம் இதுதான். அந்தச் சிறு திருகுக்கு வேண்டியது, ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் ஒரு கிலோகிராம் கல்லைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு அளவே. அதற்கு மேல் போனால் தக்கை பிதுங்கி, கசிவை நாமே விலைகொடுத்து வாங்கியதாக முடியும்.

எஞ்சின் தன் இடத்தில் இறங்கியது. முறுக்குத் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு திருகும் மிச்சமாகவில்லை. நான்கு லிட்டர் புது எண்ணெய் ஊற்றினோம். உடனே ஸ்டார்ட் செய்ய விடவில்லை பெரியப்பா. தீப்பொறி இணைப்பைத் துண்டித்துவிட்டு, சிவப்பு விளக்கு அணையும் வரையில் எஞ்சினைச் சும்மா சுழற்றச் சொன்னார். எண்ணெய் மேலே ஏறிப் பேரிங்குகளை நனைத்த பிறகே உயிர் கொடுக்க வேண்டுமாம். எட்டு விநாடியில் விளக்கு அணைந்தது. பிறகு சாவியைத் திருப்பியபோது எங்கள் தகப்பனாரின் வண்டி பழைய குரலில் பேசிற்று. சமையலறையிலிருந்த அம்மா வாசல்படி வரையில் வந்து, ஈரக் கையோடு நின்று கேட்டாள்.

பழைய எண்ணெயைத் தெருக்கால்வாயில் கொட்ட ஒருவரையும் விடவில்லை. உபயோகித்த எண்ணெய் அபாயகரமான கழிவு என்று 2016-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் சொல்கின்றன. அதைத் தகர டின்னில் மூடி, முறைப்படி சேகரிப்பவரிடம் கொடுத்தோம். மின்சார வண்டிகளில் எஞ்சினும் இல்லை, இந்தத் தொட்டியும் இல்லை என்று பையன் சொல்கிறான். நல்லதுதான். ஆனால் அவற்றின் வயிற்றில் பாட்டரி இருக்கிறது. வேகத்தடைகளும் அப்படியே இருக்கின்றன.

மொத்தச் செலவு, தொட்டி, எண்ணெய், வாடகை எல்லாம் சேர்த்து, மெக்கானிக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று. மெக்கானிக்கின் மேல் எங்களுக்கு மனஸ்தாபம் இல்லை. இரண்டு முழு நாள் ஐந்து பேர் உழைத்ததற்கு யாரும் கூலி போடவில்லை என்பதை நாங்கள் மறக்கவில்லை. கை நிறைய எண்ணெய்க் கறையோடு சாப்பிட உட்கார்ந்தபோது, படித்தவர் வீட்டில் இத்தனை நாள் இந்தக் கறையைக் கண்டு விலகி நின்றோமே என்பது மட்டும் சற்று உறுத்திற்று.

அன்றிரவு வண்டியின் அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தோம். கசிவு இருந்தால் காலையில் கறை காட்டிக்கொடுத்துவிடும். விடிந்ததும் பெரியப்பாதான் முதலில் போனார். காகிதத்தை உருவி, இருபுறமும் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் காகிதத்தையே படிக்க ஆரம்பித்துவிட்டார்.